ரெட்ரோ வரவேற்புக்கு எந்தக் காலத்துக் கோட்டு?

கல்யாண வரவேற்பை ‘ரெட்ரோ’ பாணியில் வைக்கிறோம் என்று அழைப்பிதழிலேயே அச்சிடும் வழக்கம் நம்மூருக்கும் வந்துவிட்டது. மேடைக்குப் பின்னால் பழைய சினிமா போஸ்டர், வாசலில் ஒரு லாம்ப்ரெட்டா அல்லது அம்பாசடர், பாட்டுக் கச்சேரியில் எம்.எஸ்.வி. காலத்துப் பாடல்கள். மணப்பெண்ணுக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை. பாட்டியின் பட்டுப்புடவை பீரோவில் இருக்கிறது. பஃப் கை வைத்த ரவிக்கையைப் படம் காட்டினால் தைத்துக் கொடுத்துவிடுவார்கள். தடுமாறுகிறவர் மாப்பிள்ளைதான். கடையில் தொங்கும் இன்றைய சூட் ஒன்றை எடுத்து, அதோடு ஒரு ஃபெடோரா தொப்பி, ஒரு சங்கிலிக் கடிகாரம், ஒரு போ டை சேர்த்துக்கொண்டால் பழைய காலம் வந்து உட்கார்ந்துவிடும் என்று நினைக்கிறார். புகைப்படம் கைக்கு வந்ததும் மாறுவேடப் போட்டிக்குப் போய்வந்தவர் மாதிரி இருக்கிறார்.

ஒரு சூட் எந்தக் காலத்தது என்பதை அதன் வெட்டுதான் சொல்லும். முதலில் பார்க்க வேண்டியது பேண்ட் இடுப்பில் எங்கே நிற்கிறது என்பது. அடுத்தது தோளின் அகலம். மூன்றாவது, மார்பின் மேல் மடிந்து கிடக்கும் லேப்பலின் அகலம். இந்த மூன்றும் சரியாக இருந்தால் தொப்பியே வேண்டாம். மூன்றும் தவறாக இருந்தால் தொப்பி அதை ஊருக்கெல்லாம் காட்டிக்கொடுக்கும்.

மூன்றில் அதிகம் கோட்டைவிடுவது பேண்டின் உயரத்தில்தான். 1930களிலிருந்து 50கள் வரை ஆண்கள் பேண்டைத் தொப்புள் உயரத்துக்குப் போட்டார்கள். வெயிஸ்ட்கோட்டின் கீழ்நுனி அந்தப் பேண்டின் பட்டியை மூடிக்கொண்டு நிற்கும்படி வெட்டப்பட்டது. இன்று கிடைக்கும் பேண்ட் அதைவிடக் கீழே இடுப்பெலும்பில் தொங்குகிறது. அதன் மேல் வெயிஸ்ட்கோட்டைப் போட்டால் இரண்டுக்கும் நடுவே வெள்ளைச் சட்டை ஒரு முக்கோணமாகத் துருத்திக்கொண்டு தெரியும். அதற்குக் கீழே பெல்ட்டின் பக்கிள் புடைத்து நிற்கும். மாப்பிள்ளை கையைத் தூக்கி மாலை மாற்றும்போது முக்கோணம் இன்னும் பெரிதாகும். மூன்று துண்டு சூட் போட்ட பழைய ஆட்கள் பெல்ட்டை விட்டுவிட்டுச் சஸ்பெண்டர் மாட்டியதற்கு அலங்காரம் காரணமில்லை. உயர்ந்த பேண்ட் நழுவாமல் நிற்கவும், வெயிஸ்ட்கோட்டுக்கு அடியில் புடைப்பு இல்லாமல் இருக்கவும் அதுதான் நல்ல வழி.

எந்தப் பத்தாண்டைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன், சூட் நம் கல்யாணத்துக்குள் எந்த வாசல் வழியாக வந்தது என்று பார்ப்பது நல்லது. தேவாலயக் கல்யாணங்களில் அது முகூர்த்த உடை. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் முதல்நாள் மாலை உடை. பிராமணக் குடும்பங்களின் ஜானவாசத்திலும் பிறருடைய மாப்பிள்ளை அழைப்பிலும், திறந்த காரில், நாகஸ்வரம் முன்னால் போக, காஸ் லைட் வெளிச்சத்தில் மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு உட்கார்ந்து ஊர்வலம் வந்தார். மறுநாள் காலை வேட்டி. சூட்டுக்குத் துணி எடுத்துக் கொடுப்பதும் தையல் கூலியும் பல வீடுகளில் பெண் வீட்டார் தலையில் விழுந்தன. ஆக, ‘தி கிரேட் கேட்ஸ்பி’ கதையில் வரும் மேல்நாட்டு விருந்தை நகலெடுக்கிறவர்களுக்குத் தோன்றாத ஒரு ரெட்ரோ இங்கேயே இருக்கிறது. அதற்கு லாஸ் வேகாஸ் பாணி மேடை எதுவும் தேவையில்லை. ஒரு திறந்த காரும் சரியான கோட்டும் போதும்.

இன்னும் பின்னால் போனால் வேட்டிக்கு மேல் கோட்டு. பாரதியாரின் படத்தில் நாம் எல்லாரும் பார்த்த கோட்டும் தலைப்பாகையும் இந்த வகை. கழுத்துவரை பொத்தான் போட்ட குளோஸ் கோட்டு, பஞ்சகச்சம் அல்லது தட்டுச்சுற்று வேட்டி, தோளில் அங்கவஸ்திரம். கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் வக்கீலும் பள்ளி ஆசிரியரும் இப்படித்தான் வெளியே போனார்கள். செலவு குறைவு, வெயிலுக்கும் பரவாயில்லை, வாடகைக் கடை வாசனையும் வராது. ஆனால் இதைக் கேட்கும் மாப்பிள்ளைகள் குறைவு. ‘ரெட்ரோ’ என்றதும் எல்லாருக்கும் மனதில் ஓடுவது சினிமா.

சினிமாவும் தவறான வழிகாட்டி இல்லை, எந்தப் படம் எந்த வெட்டு என்று தெரிந்திருந்தால். ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவல் 1925இல் வந்தது. கதை 1922ஆம் ஆண்டுக் கோடையில் நடக்கிறது. அந்தக் காலத்து நிஜக் கோட்டு தோளில் குறுகலாக, இடுப்பை உயர்த்திக் காட்டும்படி ஒட்டி நிற்கும். ‘பீக்கி ப்ளைண்டர்ஸ்’ தொடர் 2013இல் வந்த பிறகு தடித்த ட்வீட் துணியில் மூன்று துண்டு சூட்டும் தட்டைத் தொப்பியும் கல்யாணங்களுக்குள் புகுந்தன. அது பர்மிங்காம் குளிருக்கான உடை. வைகாசி மாதக் கல்யாண மண்டபத்தில் அதை மூன்று மணி நேரம் போட்டுக்கொண்டு நிற்பவரைப் பார்த்துப் பரிதாபப்படலாம், பின்பற்ற வேண்டாம்.

அழகில் முதலிடம் 1930களுக்கு. லண்டனில் ஃபிரடெரிக் ஷோல்டே என்ற டச்சு வம்சாவளித் தையல்கலைஞர், ராணுவக் கார்ட்ஸ் அதிகாரிகளின் நீண்ட கோட்டுகளைப் பார்த்து ஒரு வெட்டைக் கண்டுபிடித்தார். தோள்பட்டையிலும் மார்பிலும் துணியைக் கொஞ்சம் தாராளமாக விட்டு, இடுப்பில் இறுக்கினார். துணி மார்பின் இரு ஓரமும் மெல்லிய மடிப்பாகத் தொங்கும். பின்னாளில் எட்டாம் எட்வர்டாகி முடிதுறந்தவர் இவருடைய வாடிக்கையாளர். அவர் கோட்டை லண்டனில் ஷோல்டேயிடமும் பேண்டை நியூயார்க்கிலும் தைத்துக்கொண்டார் என்பது தையல் உலகில் இன்றும் பேசப்படும் விஷயம். இந்த வெட்டு ஒல்லியான உடம்புக்கு மார்பைக் கொடுக்கும், தொப்பை உள்ளவருக்கு இடுப்பைக் கொடுக்கும். முன்பக்கம் இரண்டு ப்ளீட் வைத்த அகலப் பேண்ட் உட்கார எழுந்திருக்க வசதி. நம் மேடையில் இது சாதாரண விஷயமில்லை. தாத்தா பாட்டி, பெரியப்பா பெரியம்மா என்று வரிசையாக வருகிறவர்கள் காலில் எல்லாம் மாப்பிள்ளை விழுந்து எழ வேண்டும். இன்றைய ஒட்டுப் பேண்டில் பின்தையல் எந்த நமஸ்காரத்தில் விட்டுப்போகும் என்று சொல்ல முடியாது.

குறை ஒன்று உண்டு. இந்த வெட்டு கட்டிங் மாஸ்டரின் கையில் இருக்கிறது. தெரியாதவர் வெட்டினால் தாராளம் தொளதொளப்பாகிவிடும். பெரியண்ணன் கோட்டை இரவல் வாங்கிப் போட்ட மாதிரி இருக்கும்.

நாற்பதுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போர்க் காலம். பிரிட்டனில் 1941இல் துணிக்கு ரேஷன் வந்தது. 1942இல் ஆண்கள் சூட்டில் டபுள் பிரெஸ்ட் கூடாது, பேண்டின் அடிமடிப்பு கூடாது, பாக்கெட்டின் எண்ணிக்கையும் குறைய வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். ஜனங்கள் விடவில்லை. பேண்டை வேண்டுமென்றே நீளமாக வாங்கி வீட்டில் மடித்துத் தைத்துக்கொண்டார்கள். 1944இல் அரசாங்கம் அந்தக் கட்டுப்பாட்டைக் கைவிட்டது. அமெரிக்காவில் அதற்கு நேர்மாறாக முழங்காலைத் தொடும் கோட்டும் பலூன் பேண்டுமாக ஸூட் சூட் அலைந்தது. 1943 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸ் தெருக்களில் அதைப் போட்டவர்களை அடித்து உடையைக் கிழித்த கலவரமே நடந்தது. இந்த வரலாறு தெரிந்தவர் யாரும் அதை வேடிக்கை உடையாக மாப்பிள்ளைக்கு மாட்டிவிட யோசிப்பார். ஐம்பதுகளின் கோட்டு நாற்பதுகளின் அகலத்தை மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தது, அவ்வளவுதான்.

அறுபதுகள்தான் தமிழ்நாட்டு ரெட்ரோவின் நடுமையம். அதற்குப் பாட்டும் ஒரு காரணம், கலர் படமும் ஒரு காரணம். 1964இல் ‘காதலிக்க நேரமில்லை’யும் ‘புதிய பறவை’யும் வந்தன. ரவிச்சந்திரனின் துள்ளல் ஒரு பக்கம், சிவாஜியின் கனமான பணக்காரத் தோரணை இன்னொரு பக்கம். 1966இல் ‘வல்லவன் ஒருவன்’ ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் ஆக்கியது. மூலவர் பாண்டின் கோட்டு லண்டனில் அந்தோணி சின்க்ளேர் வெட்டியது. 1962இல் ‘டாக்டர் நோ’வில் ஷான் கானரி போட்ட அந்த உடையில் அலங்காரமே இல்லை. தோளில் திணிப்பு குறைவு, லேப்பல் ஒடுக்கம், துணி லேசு. ரோமிலிருந்து பிரியோனி போன்ற தையலகங்கள் பரப்பிய இத்தாலிய வெட்டு கோட்டை இன்னும் குட்டையாக்கியது. 1963இல் டகி மில்லிங்ஸ் பீட்டில்ஸுக்குத் தைத்த கோட்டில் காலரே இல்லை.

இந்தக் கோட்டு இன்றைய மாப்பிள்ளைக்குப் பல வகையில் ஒத்துவரும். லேப்பல் இரண்டு, இரண்டரை அங்குலம். டையும் அதே அகலம். பேண்ட் நேராகக் கீழே இறங்கி ஷூவைத் தொட்டதும் நிற்கும். இன்றைய வெட்டுக்கு ரொம்பத் தூரமில்லை என்பதால் எந்த நல்ல தையல்காரரும் தப்பு செய்யாமல் தைப்பார். பேண்டின் இடுப்பை மட்டும் இரண்டு அங்குலம் உயர்த்தச் சொல்ல வேண்டும். உயரமான, ஒல்லியான உடம்புக்கு இது பிரமாதமாக நிற்கும். குட்டையும் பருமனும் சேர்ந்தவருக்கு ஒடுங்கிய லேப்பல் வயிற்றை இன்னும் விரித்துக் காட்டும். அவர் முப்பதுகளுக்கே போகலாம். இதில் ரசனைக்கு இடமில்லை, அளவுநாடா சொல்கிற விஷயம்.

எழுபதுகள் கோலாகலம். அதற்கு முன்னோட்டமாக 1969 காதலர் தினத்தன்று லண்டனின் தையற்கடைத் தெருவான சாவில் ரோவில் டாமி நட்டர் கடை திறந்தார். எட்வர்ட் செக்ஸ்டன் வெட்டிய அகல லேப்பல் கோட்டுகள் அந்தத் தெருவின் அடக்கத்தை உடைத்தன. அதே ஆண்டு வந்த ‘அபே ரோடு’ ஆல்பத்தின் அட்டையில் தெருவைக் கடக்கும் நால்வரில் மூவர் போட்டிருப்பது நட்டர் கடைச் சூட். ஜார்ஜ் ஹாரிசன் மட்டும் டெனிம். நம் பக்கம் பெல்பாட்டம், சஃபாரி சூட், டெரிலின். ‘நினைத்தாலே இனிக்கும்’ 1979இல் வந்தது. 1980ஆம் ஆண்டு மதுரையைக் காட்டிய ‘சுப்ரமணியபுரம்’ 2008இல் வந்து பெல்பாட்டத்தை மறுபடியும் பேச்சுக்குக் கொண்டுவந்தது. மாப்பிள்ளைத் தோழர்கள் ஐந்து பேர் பெல்பாட்டத்தில் ஆடட்டும், கூடமே கைதட்டும். மாப்பிள்ளை போட வேண்டாம் என்பது என் தீர்ப்பு. அந்த உடையைப் பார்த்ததும் நம் ஆட்களுக்குச் சிரிப்பு வருகிறது. தன் வரவேற்பில் மூன்று மணி நேரம் அந்தச் சிரிப்பை ஏற்றுக்கொண்டு நிற்கத் தயாராக இருக்கும் மாப்பிள்ளைக்கு மட்டும் விதிவிலக்கு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சூட் எல்லாருக்கும் ஒரே வேடிக்கைப் பொருள் அல்ல. அம்பேத்கரின் நீலக் கோட்டு இந்தியாவில் எத்தனை வீட்டுச் சுவர்களில் இருக்கிறது என்பதை நினைத்தால் போதும். 2016இல் வந்த ‘கபாலி’யில் மலேசியத் தமிழ்க் கதாநாயகன் தான் ஏன் கோட்டு சூட்டு போடுகிறான் என்பதையே பேசுகிறான். ஒடுக்கப்பட்டவர்களை அரையாடைக்கு மேல் உடுத்த விடாத ஊர்களில் அவர்களில் ஒரு தலைமுறை கோட்டு போட்டுக் கல்யாண ஃபோட்டோ எடுத்துக்கொண்டது என்றால் அந்தப் படத்துக்கு வேறு மதிப்பு. அப்படிப்பட்ட குடும்பத்து மாப்பிள்ளை தாத்தாவின் கோட்டைப் பார்த்து அதே வெட்டில் தைத்துக்கொள்வதை ‘தீம்’ என்று சுருக்க முடியாது.

அடுத்த கேள்வி: நிஜமான பழைய கோட்டா, வாடகைக் கோட்டா, புதிதாகத் தைத்ததா? நிஜப் பழசில் ஆசை வைக்கிறவர்கள் முதலில் தோளைப் பார்க்க வேண்டும். கையைக் குறைக்கலாம், இடுப்பைப் பிடிக்கலாம், பேண்டின் பின்தையலில் விட்டிருக்கும் உபரித் துணியை வைத்துக் கொஞ்சம் தளர்த்தலாம். தோள் பொருந்தாத கோட்டை மட்டும் சரிசெய்வதில் அர்த்தமில்லை; அதைச் சரிசெய்யும் கூலியில் புதுக்கோட்டே தைத்துவிடலாம். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பூச்சி அரித்த ஓட்டைகளைத் தேட வேண்டும். அக்குள் லைனிங்கைத் தடவிப் பார்க்க வேண்டும். வியர்வை பட்ட இடம் மொறுமொறுவென்று இருந்தால் முதல் முறை கையைத் தூக்கும்போது கிழியும். லண்டனில் அளவெடுத்துத் தைத்த கோட்டானால் உள்பாக்கெட்டுக்குள் ஒரு சின்ன லேபிள் இருக்கும். அதில் வாடிக்கையாளர் பெயரும் தேதியும் எழுதியிருப்பார்கள். வயதைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல சாட்சி இல்லை. பிரிட்டிஷ் ரேஷன் காலக் கடைத் துணிகள் பலவற்றில் ‘சிசி41’ என்ற முத்திரை உண்டு.

ஆனால் சென்னைக்கு நிஜப் பழசு ஒத்துவருமா? போருக்கு முந்தைய ஆங்கிலேயத் துணி ஒரு கஜத்துக்கு 16 முதல் 20 அவுன்ஸ்வரை சர்வசாதாரணம். அதாவது மீட்டருக்குச் சுமார் 500 முதல் 620 கிராம். இன்று கோடைக்கு நெய்யப்படும் கம்பளித் துணி அதில் பாதிகூட வராது. மண்டபம் ஏசியாக இருக்கலாம். வாசலில் வரவேற்பும் தோட்டத்தில் ஃபோட்டோவும் ஏசியில் நடப்பதில்லை.

கோடம்பாக்கம், வடபழனிப் பக்கம் சினிமாவுக்கும் நாடகத்துக்கும் உடை வாடகைக்குத் தரும் டிரஸ் கம்பெனிகள் உண்டு. அங்கே எல்லாக் காலத்துக் கோட்டும் கிடைக்கும், வேடத்துக்காக. தூரத்திலிருந்து பார்க்கத் தைத்தவை அவை. கைகுலுக்க வருகிறவர் இரண்டு அடி தூரத்தில் நிற்பார். பளபளக்கும் பாலியஸ்டரும் ஒட்டுப்போட்ட லைனிங்கும் அவர் கண்ணில் படும். தோழர்களுக்கு வாடகை, மாப்பிள்ளைக்குத் தையல் என்று பிரித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

தைப்பது என்று முடிவானால் துணியில் கஞ்சத்தனம் கூடாது. லினன் காற்றோட்டமானது, ஆனால் அரை மணி நேரத்தில் கசங்கும். முப்பதுகளின் வெயில்கால உடை என்ற காரணம் சொல்லிக் கசங்கலையே பெருமையாக்கிக்கொள்ள முடிந்தவர் எடுக்கலாம். வெளிர் நிற லினனில் சந்தனமும் குங்குமமும் பட்டால் சலவைக்காரர் கையை விரிப்பார். நன்றாக முறுக்கிய நூலில் இடைவெளி விட்டு நெய்த மெல்லிய கம்பளி நம்மூருக்கு ஏற்றது. கசங்காது, காற்று புகும், தொங்கல் அழகு. அறுபதுகளின் தோற்றம் வேண்டுமானால் கம்பளியில் மொஹேர் கலந்த துணி. டோர்மெயில் நிறுவனம் 1957இல் கொண்டுவந்த ‘டானிக்’ அந்தக் காலத்து இளைஞர்களின் மோகம். லேசான மினுமினுப்பும் விறைப்பும் அதன் அடையாளம். மினுமினுப்பில் ஓர் எச்சரிக்கை: பக்கத்தில் நிற்பது காஞ்சிபுரப் பட்டு. இரண்டும் ஒளிவிட்டால் படத்தில் இரண்டும் தோற்கும். சரிகை அகலமானால் கோட்டு மங்கலாக இருக்கட்டும்.

நிறம் தேர்ந்தெடுக்கப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை நம்பவே கூடாது. தாத்தா போட்டிருப்பது கறுப்புச் சூட் என்று பேரன் அடித்துச் சொல்வார். அது பழுப்பாகவோ கடற்படை நீலமாகவோ இருக்கலாம். ஆரம்பகாலப் படச்சுருளுக்குச் சிவப்பு தெரியாது. பாட்டியின் அரக்குச் சிவப்புக் கூறைப்புடவைகூட அதில் கறுப்பாகத்தான் விழும். அந்தக் காலத்து நல்ல கோட்டுகள் பெரும்பாலும் சாம்பல், நீலம், பழுப்பு. எல்இடி வெளிச்சத்தில் கறுப்பு ஒரே இருட்டுக் கட்டியாகிவிடும். கஷ்டப்பட்டு வெட்டிய லேப்பலும் பாக்கெட்டும் கண்ணுக்கே தெரியாது.

தையல்காரரிடம் சினிமாப் படத்தைக் காட்டி ‘இது மாதிரி’ என்று சொன்னால் அவர் அலங்காரத்தை மட்டும் நகலெடுப்பார். அங்குலத்தில் சொல்ல வேண்டும்: பேண்ட் தொப்புளில் நிற்க வேண்டும், ப்ளீட் இரண்டு, பாட்டம் இத்தனை, லேப்பல் இத்தனை, பெல்ட் லூப் வேண்டாம், உள்ளே சஸ்பெண்டருக்குப் பொத்தான். மார்புக்குள் ஒட்டுத்துணியா, தைத்த கேன்வாஸா என்று கேட்க வேண்டும். பசையால் ஒட்டிய கோட்டின் லேப்பல் இஸ்திரி போட்ட அட்டை மாதிரி தட்டையாகக் கிடக்கும். கேன்வாஸ் வைத்தது மெல்ல உருண்டு மடியும். பழைய கோட்டின் கம்பீரத்தில் பாதி அந்த உருட்டலில்தான். அதோடு ஈரம் சொட்டும் ரோஜா மாலை மூன்று மணி நேரம் கழுத்தில் கிடக்கும். ஒட்டு விட்டு மார்பில் குமிழி கிளம்பிய கோட்டுகள் நிறைய உண்டு. டிரையலுக்குப் போகும்போது சும்மா கண்ணாடி முன் நிற்காமல் கையைத் தலைக்கு மேல் தூக்கி, குனிந்து, மண்டியிட்டு, தரையில் விழுந்து எழுந்து பார்க்க வேண்டும். தையல்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். தை, ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் நல்ல மாஸ்டர்களின் கை ஓயாது. இரண்டு டிரையலுக்கு இடம் விட்டு இரண்டு மாதம் முன்பே துணியைக் கொடுத்துவிடுவது நல்லது.

காலில் என்ன என்பதை மறந்துவிடுகிறார்கள். முப்பதுகளுக்கு இருவண்ண ஷூ, அறுபதுகளுக்குக் கணுக்காலை ஒட்டிய செல்சீ பூட். இரண்டும் அழகு. ஆனால் ஆசீர்வாதம் வாங்கும்போதோ பூஜை விளக்குக்கு முன்னாலோ ஷூவைக் கழற்றச் சொல்லிவிடுவார்கள். அப்போது கேமராவுக்கு முன்னால் நிற்பது சாக்ஸ். அதற்கும் நல்லதாக ஒரு ஜோடி வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, ரெட்ரோவின் எல்லை நகர்ந்துகொண்டே இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் பிறந்த மாப்பிள்ளைக்கு எம்.எஸ்.வி. காலம் தாத்தாவுடையது, அப்பாவுடைய காலம் 1994இல் வந்த ‘காதலன்’. அப்போதைய கல்யாணக் கோட்டுகள் பெரிய தோள், டபுள் பிரெஸ்ட், ப்ளீட் வைத்த தொளதொளப் பேண்ட். எண்பதுகளில் உடை வடிவமைப்பாளர் அர்மானி திரும்பக் கொண்டுவந்த அந்தத் தாராளம் நாற்பதுகளின் வெட்டுக்குப் பக்கத்துச் சொந்தம். பெரும்பாலும் ஒரே ஒரு நாள் போட்டுவிட்டு பீரோவுக்குள் போன கோட்டுகள் அவை. அக்குள் லைனிங்கூடப் புதிதாக இருக்கும். அப்பாவும் பிள்ளையும் ஒரே தோளளவாக இருந்தால் கையையும் இடுப்பையும் சரிசெய்தால் வேலை முடிந்தது. தோள் ஒத்துவராவிட்டால் அந்தக் கோட்டை அப்படியே தையல்காரரிடம் எடுத்துப்போய் மேஜையில் விரித்து வைக்கலாம். சினிமா ஸ்டில்லைப் பார்த்து வெட்டுவதைவிட அதைப் பார்த்து வெட்டுவது அவருக்கும் சுலபம்.